ஆங்கிலத்தில் ‘செட்’ (said) வந்தால் பின்வரும் வினையும் இறந்தகாலம்தானா?

ஆங்கிலத்தில் ஒருவர் சொன்னதை எடுத்துரைக்கும்போது, முதன்மை வினை ‘செட்’ (said, ‘சொன்னார்’) என இறந்தகாலத்தில் இருந்தால், ‘தட்’டுக்குப் (that, ‘என்று’) பின் வரும் வினையும் விதிவிலக்கின்றி இறந்தகாலத்தில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு கருத்து பகிரப்படுகிறது. பொதுவிதியாக அது சரியே. ‘விதிவிலக்கின்றி’ என்பது மட்டும் பொருந்தாது. சொல்லப்படும் செய்தி இன்றும் உண்மையாக இருக்குமானால், நிகழ்காலத்தை அப்படியே வைத்துக்கொள்ள ஆங்கிலம் இடம் தருகிறது.

கும்பகோணத்தில் என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தி, ‘தி டீச்சர் செட் தட் தி காவேரி ரைசஸ் இன் குடகு’ என்று எழுதியிருந்த வரியில், நிகழ்கால ‘ரைசஸ்’ (rises, ‘பிறக்கிறது’) சிவப்பு மையால் அடிக்கப்பட்டு இறந்தகால ‘ரோஸ்’ (rose) ஆக்கப்பட்டிருந்தது. ஆசிரியர் சொன்னது நேற்றைக்கு. காவிரியோ இன்றும் தலைக்காவிரியில்தான் பிறக்கிறது. ஆகவே அவள் எழுதியது பிழையன்று. (‘ரோஸ்’ என்பதும் பிழையன்று, கட்டாயமில்லை, அவ்வளவே.) தமிழில் ‘பிறக்கிறது என்று சொன்னார்’ என்றே இயல்பாகச் சொல்லிவிடுவதால், இந்தக் குழப்பம் நமக்கு எழுவதேயில்லை.

ஐயமுள்ளவர்கள் பள்ளி ஆங்கில இலக்கண நூல் எதிலாவது ‘சீக்வன்ஸ் ஆஃப் டென்சஸ்’ (வினைகளின் காலங்கள் ஒன்றோடொன்று இயைவதற்கான விதி) பகுதியைப் புரட்டி, விதியை அடுத்து என்றும் மாறாத உண்மைகளைப் பற்றிச் சொல்லப்பட்டிருப்பதையும் சேர்த்துப் படித்துப் பார்க்கலாம்.