வயதையும் பிறந்த ஆண்டையும் கூட்டினால் வருவது அதிசயமா?

"உங்கள் வயதையும் பிறந்த ஆண்டையும் கூட்டுங்கள். எல்லோருக்கும் 2025 வரும். 1000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இப்படி!" கும்பகோணத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு 2025-ல் வந்த செய்தி இது. கூட்டல் பெரும்பாலும் சரியாக வரும். ஆயிரம் ஆண்டுக் கதைதான் பொய்.

அம்மா தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பென்சிலால் போட்டுப் பார்த்தார்: 1957 + 68 = 2025. "சரியாத்தானே வருது?" என்றார். அதற்கு முந்தைய வருஷத்துக்கும் போடச் சொன்னேன். 1957 + 67 = 2024. அப்புறம் அவரே 2023-க்கும் போட்டார்.

வயது என்பதே நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்து வருவது. கழித்ததைத் திரும்பக் கூட்டினால் அதே ஆண்டு வராமல் வேறென்ன வரும்? அந்த வருஷம் பிறந்தநாள் இன்னும் வராதவர்களுக்கு ஒன்று குறையும். அதனால் "எல்லோருக்கும்" என்பதும் தப்பு.

நம் ஊர் மகாமகம் 12 ஆண்டுக்கு ஒருமுறை வருவதற்குக் காரணம் உண்டு: வியாழன் சூரியனை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகிறது. இந்தக் கூட்டலில் அப்படிச் சுற்றி வருவது எதுவுமே இல்லை. ராமானுஜன் வளர்ந்த ஊரில் பிள்ளைகளுக்கு இதை அதிசயம் என்று காட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 'ஏன் இப்படி வருகிறது?' என்று கேட்டால் நான்காம் வகுப்புப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

அம்மா அந்தத் தாளைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டார்.