ரிம்மின் உள் அகலத்தை யாராவது சொல்லித் தொலையுங்களேன்!

சைக்கிள் விற்கும் எந்தத் தளத்தை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். ஃபிரேமின் நிறத்துக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கும். பெடல் பிளாஸ்டிக்கா அலாயா, ஸ்டாண்டு உண்டா, பெல் உண்டா, எல்லாம் வரிசையாக இருக்கும். ரிம் என்ற வரிக்கு வந்தால் மட்டும் 'அலாய், டபுள் வால்', அதாவது இரட்டைச் சுவர். அவ்வளவுதான். உள் அகலம் எத்தனை மில்லிமீட்டர்? அது ராணுவ ரகசியம்.

மலிவு வண்டிக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்காதீர்கள். எண்பதாயிரம் ரூபாய் மவுண்டன் பைக்குக்கும் இதே லட்சணம்தான். டயர் 27.5 x 2.25 என்று, விட்டமும் அகலமும் இன்ச்சில், கொட்டை எழுத்தில் போடுவார்கள். அந்த டயர் உட்காருகிற இடம் எவ்வளவு அகலம் என்று ஒரு எண் போட இவர்களுக்குக் கை வராது. டயர் தேய்ந்து அடுத்தது வாங்கும்போது நான் எதை வைத்து முடிவு செய்வது? ஜோசியம் பார்த்தா?

சரி, கடையில் கேட்கலாம் என்று போனால் அங்கே வேறு கூத்து.

"27.5 ரிம்முங்க சார், 27.5 டயர் மாட்டிக்கலாம்."

"அது விட்டம்ங்க. நான் கேக்கறது அகலம்."

"அகலமெல்லாம் ஸ்டாண்டர்டுதானுங்க."

எந்த ஸ்டாண்டர்டு? மவுண்டன் பைக் ரிம்மில் 17 மில்லிமீட்டரும் இருக்கிறது, 35-ம் இருக்கிறது. தொண்ணூறுகளில் 17, 19 என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இன்று காட்டு மலைப் பாதையில் ஓட்டுகிற டிரெயில் வண்டிகளில் 30 சர்வ சாதாரணம். இரண்டு மடங்கு வித்தியாசம் இருக்கிற ஒரு விஷயத்தை 'ஸ்டாண்டர்டு' என்ற ஒரே வார்த்தையில் பூசி மெழுகிவிட்டு, மேலே தொங்குகிற 2.6 டயரை இறக்கிக் காட்டுகிறார். "இதைப் போடுங்க சார், வண்டி கெத்தா இருக்கும்."

இருக்கும். ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருக்கும்வரை கெத்தாகத்தான் இருக்கும்.

2.6 இன்ச் என்றால் 66 மில்லிமீட்டர். அதை 21 மில்லிமீட்டர் ரிம்மில் மாட்டிக் காற்றடித்தால் என்ன ஆகும்? அடியில் குறுகி, மேலே உப்பி, குண்டு பல்ப் மாதிரி நிற்கும். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. ஒரு சரளை வளைவில் சாய்த்துப் பாருங்கள். டயரின் மேல் துருத்தியிருக்கும் ரப்பர் பட்டன்கள் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும், ரிம் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருக்கும், நடுவில் இருக்கும் பக்கச் சுவர் மடங்கும். நீங்கள் திருப்பி ஒரு கணம் கழித்துத்தான் பின்சக்கரம் 'ஓ, திரும்ப வேண்டுமா' என்று வரும். இந்த ஆட்டத்தைக் குறைக்கக் காற்றை ஏற்ற வேண்டும். 22 பிஎஸ்ஐ போதும் என்றுதானே அகல டயர் வாங்கினோம்? இப்போது 30-க்கு ஏற்றினால் ஒவ்வொரு கல்லிலும் பந்து மாதிரி எகிறும். அப்புறம் அந்த அகலத்துக்கு எதற்குக் காசு கொடுத்தோம்?

டியூப்லெஸ் என்றால் இன்னும் விசேஷம். குறைந்த காற்றில் பக்கவாட்டு அழுத்தம் வந்தவுடன் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து ஒரு நொடி விலகும். புஸ்ஸென்று காற்று போகும், ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றுகிற சீலண்ட் வெள்ளை வெள்ளையாக ஃபிரேமெல்லாம் தெறிக்கும்.

அந்தப் பக்கம் இன்னொரு கோஷ்டி. 'அகலமான ரிம்தான் பெஸ்ட், 35 போடு' என்று வீடியோவில் அடித்துச் சொல்கிறவர்கள். எந்த டயருக்கு என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். 35 மில்லிமீட்டர் ரிம்மில் 2.1 டயரை மாட்டினால் மேல்பாகம் சப்பையாகிவிடும். ஓரத்துப் பட்டன்கள் வளைவில் கடிக்க வேண்டிய கோணத்தில் இருக்காது, வண்டி சாயச் சாயப் பிடிப்பு திடீரென்று விடும். ரிம்மின் விளிம்பும் டயரின் பாதுகாப்பை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும். கல் நேராக அங்கேதான் வந்து அடிக்கும்.

இதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. 25 மில்லிமீட்டர் ரிம்முக்கு 2.2-லிருந்து 2.4 இன்ச் டயர். 30-க்கு 2.4-லிருந்து 2.6. 35 வைத்திருந்தால் 2.6-க்கு மேல். கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் உயிர் போகாது. டயர் கம்பெனி மேக்ஸிஸ் தன் 'டபிள்யூடி' (வைட் டிரெயில்) டயர்களை 30 முதல் 35 வரையான ரிம்முக்கென்றே வடிவமைத்ததாகச் சொல்கிறது. டயர் செய்கிறவருக்குத் தெரிகிறது, ரிம் செய்கிறவருக்கும் தெரிகிறது. நடுவில் விற்கிறவருக்கு மட்டும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

விட்டத்தையாவது ஒழுங்காகச் சொல்கிறார்களா? 26 x 1.75 என்று ஒரு டயர், 26 x 1¾ என்று ஒரு டயர். கணக்கு வாத்தியாரைக் கேட்டால் இரண்டும் ஒன்று என்பார். ஒன்று 559 மில்லிமீட்டர் ரிம்முக்கு, மற்றது 571-க்கு. மாற்றி மாட்டவே முடியாது. 29 என்பதும் ரோடு சைக்கிளின் 700சி என்பதும் ஒரே 622 ரிம்தான். 27.5-ஐக் கேட்டால் 26-க்கும் 29-க்கும் நடுவில் என்று நினைப்போம். ரிம் அளவு 584, 650பி என்ற பழைய பிரெஞ்சு அளவு. அதாவது 559-க்கு 25 மில்லிமீட்டர் தள்ளி, 622-க்கு 38 மில்லிமீட்டர் தள்ளி. என்ன நடுவோ!

இத்தனைக்கும் ஒழுங்கான முறை ஒன்று ரொம்ப நாளாக இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் 57-584 என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். 57 டயரின் அகலம், 584 ரிம்மின் விட்டம். நல்ல ரிம்மில் 584x25 என்று இருக்கும், அந்த 25-தான் உள் அகலம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிந்தது கதை. ஆனால் என் வண்டியில் வந்த ரிம்மில் இருப்பது ஒரு தீப்பிழம்புப் படமும் '27' என்ற எண்ணும்தான்.

27 என்றால் என்ன என்று டயரைக் கழற்றி வெர்னியர் அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்தேன். ரிம்மின் இரண்டு ஓரத்திலும் டயரைப் பிடிக்கிற சின்னக் கொக்கி மடிப்பு இருக்கும். அந்த மடிப்புக்கும் இந்த மடிப்புக்கும் இடையில் அளக்க வேண்டும். 21. வெளியே வைத்து அளந்தால் 27. சுவரின் கனத்தையும் சேர்த்து விற்றிருக்கிறார்கள்! வீட்டின் பரப்பளவில் மொட்டைமாடியைச் சேர்த்துச் சொல்கிற புரோக்கர் தேவலாம்.

இனி புது வீல்செட் வாங்கலாம் என்று இணையத்தில் தேடினால் அங்கேயும் அலாய், டபுள் வால். கேள்வி கேட்கும் பெட்டியில் தெளிவாக எழுதினேன்: 'இந்த ரிம்மின் உள் அகலம் எத்தனை மில்லிமீட்டர்? வெளி அகலம் வேண்டாம், உள் அகலம் மட்டும்.' விற்பனையாளரிடமிருந்து மறுநாள் பதில் வந்தது.

'ஆம், உள்ளது.'