வாழைப்பழத்து டோபமைன் மூளைக்குப் போகாது

காரைக்குடிப் பக்கத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: 'தினம் நாலு வாழைப்பழம் சாப்பிட்டால் மூளையில் டோபமைன் பெருகும், கைநடுக்கம் நிற்கும், மாத்திரை வேண்டாம்.' தவறு. இதை நம்பி எங்கள் பள்ளத்தூர் ஐயா முகப்புத் திண்ணையில் சீப்போடு உட்கார்ந்துவிட்டார். டபராவில் காபி தளும்புவது நின்றபாடில்லை.

டோபமைன் என்பது நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல உதவும் வேதிப்பொருள். பழத்தில், அதைவிடத் தோலில், அது இருப்பது நிஜம். ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பை அது தாண்டாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. செய்ததையும் கண்டபடி கொட்டிவிடாது. நரம்பு முனையில் விமேட்2 என்ற புரதம் அதைச் சின்னஞ்சிறு பைகளில் அடைக்கும். மின்துடிப்பு வந்து கால்சியம் உள்ளே புகுந்தால் சினாப்டோடேக்மின் என்ற புரதம் அதை உணரும். ஸ்நேர் புரதங்கள் பையைச் சவ்வோடு இணைக்கும். அப்புறம்தான் டோபமைன் வெளியே வரும். அளவு மிஞ்சினால் அதே முனையில் டோபமைனை உணரும் டி2 ஏற்பி என்ற புரதம் 'போதும்' என்று தடுக்கும். இந்தக் கால்சியம் கணக்கை விளக்கிய விஞ்ஞானி தாமஸ் சூடோஃபுக்கு 2013 மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

கைநடுக்கம் தரும் பார்கின்சன் நோயில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களே அழிகின்றன. வழக்கமாகத் தரும் லெவோடோபா மாத்திரை அந்தத் தடுப்பைத் தாண்டிப் போய் டோபமைனாக மாறும். சரி, ஐயாவுக்குப் பழம் பிடிக்கும், சாப்பிடட்டும். மாத்திரை டப்பாவை ஆயா மறுபடி எடுத்து வைத்துவிட்டார்.