சி.பி.ஆர். தேர்வைக் கட்டிலில் வையுங்கள்

எந்த வார்டு சிஸ்டரிடமும் சி.பி.ஆர். பற்றி, அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி மூச்சும் கொடுக்கும் உயிர்மீட்பு பற்றிக் கேட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல் 6-ஐத் தாண்டாமல், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று மளமளவென ஒப்பிப்பார். தப்பே இருக்காது. ஆனால் பயிற்சியில் பொம்மை கிடப்பது தரையில். நோயாளி கிடப்பது மெத்தையில்.

மெத்தை நம் அழுத்தத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கை 5 செ.மீ. இறங்கியிருக்கும், நெஞ்சு அவ்வளவு இறங்கியிருக்காது. முதுகுக்கடியில் பலகை வேண்டும். காற்று மெத்தை என்றால் வால்வைத் திறந்து காற்றை விட வேண்டும். இதற்காக அழுத்துவதை நிறுத்திவிட்டு நிற்கவும் கூடாது. கட்டில் உயரமாக இருந்தால் முழங்கை மடங்கும், உடம்பின் எடை இறங்காது. கட்டிலை இறக்குங்கள், இறங்காத கட்டில் என்றால் கால் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நில்லுங்கள்.

2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்வதும் சும்மா இல்லை. களைத்த கை நெஞ்சின் மேலேயே சாய்ந்துவிடும். நெஞ்சு முழுக்க மேலெழும்பும்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் திரும்புகிறது, இதயத் தசைக்கும் ரத்தம் கிடைக்கிறது.

கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பையான அம்பு பேக் இன்னொரு தலைவலி. பெரியவர்களுக்கான பையில் ஒன்றரை லிட்டர் அளவு காற்று இருக்கும். தேவை 500, 600 மி.லி.தான். ஒரு விநாடி நிதானமாக அமுக்கி, நெஞ்சு லேசாக எழும்பினால் போதும். மூச்சுக்குழாயில் டியூப் போட்ட பிறகு 6 விநாடிக்கு ஒரு மூச்சு. பதற்றத்தில் பிசைந்துகொண்டே இருந்தால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். டியூப் போடாதவருக்கோ வயிற்றில் காற்று ஏறி வாந்தி வரும்.

ஆரம்பிப்பதில் ஆகும் தாமதத்தைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. நோயாளி விட்டு விட்டு வாயைத் திறந்து இழுப்பதை மூச்சு என்று நினைத்து பி.பி. மிஷினைத் தேடுகிறார்கள். அது மூச்சல்ல. கழுத்தில் பல்ஸ் பார்க்க 10 விநாடிக்கு மேல் எடுக்கக் கூடாது. தெளிவாகத் தெரியவில்லையா, அழுத்தத் தொடங்குங்கள். மானிட்டரில் கோடு ஓடுவதை நம்பாதீர்கள்; பல்ஸே இல்லாமலும் ஓடும்.

“டியூட்டி டாக்டர் வந்துட்டே இருக்கார்” என்று காத்திருப்பதற்கு சிஸ்டர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். விலா எலும்பு முறிந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் அது. சரியாக அழுத்தினாலே சில நேரம் முறியும். உயிர்மீட்பு வேண்டாம் என்ற முடிவு கேஸ் ஷீட்டில் இல்லாதவரை ஆர்டருக்குக் காத்திருக்க வேண்டாம் என்று நிர்வாகம் எழுத்தில் கொடுக்கட்டும். டாக்டர்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை; 1960-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து நெஞ்சை அழுத்தும் இந்த முறையை எழுதி வெளியிட்ட மூவரில் கூவன்ஹோவன் மின் பொறியாளர்!

அமெரிக்க இதயச் சங்கத்தின் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) கார்டு 2 ஆண்டு செல்லும். கைப்பழக்கமோ சில மாதங்களிலேயே மங்கிவிடும். ஆகவே 3 மாதத்துக்கு ஒருமுறை, டியூட்டி நேரத்திலேயே, வார்டுக் கட்டிலில் பொம்மையைக் கிடத்தி 10 நிமிடம் செய்ய வையுங்கள். எண்களைக் கேட்காதீர்கள், பலகையை எடுத்து வரச் சொல்லுங்கள். பல வார்டுகளில் அது ஸ்டோர் ரூமில் அட்டைப் பெட்டிகளுக்கு அடியில் கிடக்கிறது.