பதினோராம் நம்பர்

(ஐப்பசி மாதம். திருவையாற்றுப் பக்கம் ஒரு வாழைக்கொல்லை. நாள் முழுக்கக் கொட்டிய மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. நாளைக்கு வீட்டில் வளைகாப்பு. மாமா இலை அறுத்துக்கொண்டிருக்கிறார். சென்னையிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒரு மரப்பெட்டியை அணைத்தபடி வரப்பில் தடுமாறி வருகிறார்.)

மாமா: பார்த்து வாங்க மாப்பிள்ளை, வழுக்கும். அது என்ன பெட்டி? நகையா? வளைகாப்பு நாளைக்குத்தானே?

மாப்பிள்ளை: நகை இல்லை மாமா. இலை அறுக்க உங்களுக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று கத்தி கொண்டுவந்தேன்.

மாமா: ஒரு கத்திக்கா இத்தனை பெரிய பெட்டி?

மாப்பிள்ளை: பதினொன்று இருக்கிறது. எல்லாமே மடக்குக் கத்தி. (திறக்கிறார். உள்ளே நீல வெல்வெட்டில் வரிசையாகக் கத்திகள்.)

மாமா: நவராத்திரி முடிந்தும் நீங்கள் இன்னும் கொலுவை எடுக்கவில்லை போலிருக்கிறதே! இந்தச் சிவப்பு எந்த ஊர்?

மாப்பிள்ளை: சுவிட்சர்லாந்து. அந்த ஊர் ராணுவம் 1891இல் சிப்பாய்க்கெல்லாம் ஒரு மடக்குக் கத்தி கொடுத்தது. வெட்ட ஒரு அலகு, துளை போட ஒன்று, டப்பா திறக்க ஒன்று, துப்பாக்கியைக் கழற்ற ஒரு திருப்புளி. அதில் ஒரு கூத்து கேளுங்கள், முதல் சரக்கை அவர்கள் ஜெர்மனியிலிருந்துதான் வரவழைத்தார்கள். அதன் வம்சம்தான் இது.

மாமா: நம் ஊர்க் கல்யாணத்துக்கு வெளியூர் மேளம் வைப்பதில்லையா, அப்படித்தான். இந்தச் சுருள் எதற்கு?

மாப்பிள்ளை: அது... ஒயின் பாட்டில் தக்கையை எடுக்க. சிப்பாய் கத்தியில் அது கிடையாது மாமா. 1897இல் அதிகாரிகளுக்கு என்று தனியாக ஒன்று செய்தார்கள். அதில்தான் சேர்த்தார்கள்.

மாமா: அங்கேயும் அதிகாரிக்குத்தானா! சரி, அத்தை கேட்டால் தேங்காய்க் கண்ணைத் துளைக்கிற கருவி என்று சொல்லிவிடுங்கள். மற்ற பத்தும் ஒரே அச்சாக இருக்கிறதே?

மாப்பிள்ளை: அளவு வேறு மாமா. பிரான்ஸ் நாட்டு ஒபினெல். 1890இலிருந்து செய்கிறார்கள். மரப்பிடி, இரும்பு அலகு, பெரிய கத்திகளுக்குக் கழுத்தில் ஒரு வளையம். அதைத் திருப்பினால் கத்தி தானாக மடங்காது. சின்னதிலிருந்து பெரிதுவரை நம்பர் போட்டிருப்பார்கள். இது எட்டாம் நம்பர். அலகு எட்டரை சென்டிமீட்டர்.

மாமா: பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் காலியாகக் கிடக்கிறதே. எலி கொண்டுபோய்விட்டதா?

மாப்பிள்ளை: பதினோராம் நம்பர் மாமா. அதை 1935இலேயே நிறுத்திவிட்டார்கள்.

மாமா: 1935இல் நிறுத்தியதற்கு இன்னும் இடம் போட்டு வைத்திருக்கிறீர்களா?

மாப்பிள்ளை: என்றைக்காவது கிடைக்கும்.

மாமா: ஜூன் 12 வந்தால் மேட்டூரில் தண்ணீர் விடுவானா மாட்டானா என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பரம்பரை நாங்கள். எங்களுக்கே இவ்வளவு பொறுமை கிடையாது. சரி, எதை எடுத்து அறுக்கப் போகிறீர்கள்?

மாப்பிள்ளை: அதுதான் யோசிக்கிறேன். இந்தப் பத்தும் இரும்பு. வாழைக்கறை பட்டால் கருத்துவிடும்.

மாமா: அப்படியென்றால் சிவப்பு?

மாப்பிள்ளை: அது இன்னும் எண்ணெய்ப் பசைகூடப் போகாத புதுசு.

மாமா: அப்படியானால் ஒத்தாசைக்குப் பெட்டிதான் வந்திருக்கிறது. நல்ல பலகை, இலைக்கட்டின் மேல் பாரம் வைக்கலாம். அது கிடக்கட்டும், உங்கள் இடது கையைக் காட்டுங்கள். நேற்றிலிருந்து கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். முடி ஏன் திட்டுத்திட்டாக உதிர்ந்திருக்கிறது?

மாப்பிள்ளை: உதிரவில்லை மாமா. கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டிவிட்டு, கூர் வந்ததா என்று கையில் மழித்துப் பார்ப்பேன்.

மாமா: அடப்பாவமே! உங்கள் அத்தை அது படை என்று நினைத்து ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து வைத்திருக்கிறாள். சாயங்காலம் பூசப் போகிறாள், தப்பிக்க முடியாது.

மாப்பிள்ளை: (கையை மறைத்துக்கொண்டு) அது என்ன மாமா, வரப்பில் அவ்வளவு பெரிய அரிவாள்? ஆயுதச் சட்ட விதியில் 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்று ஒரு கணக்கு இருக்கிறது, தெரியுமா?

மாமா: எனக்கும் பொருந்துமா?

மாப்பிள்ளை: வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்ததை அதில் சேர்க்கமாட்டார்கள்.

மாமா: நான் விவசாயி. பேச்சு முடிந்தது. உங்களை எதில் சேர்ப்பது?

மாப்பிள்ளை: (ரோஷத்துடன்) சரி மாமா, கறை பட்டால் படட்டும். எட்டாம் நம்பரையே எடுக்கிறேன். (நகத்தை அலகின் பள்ளத்தில் கொடுத்து இழுக்கிறார். வரவில்லை. பல்லைக் கடித்து இழுக்கிறார்.)

மாமா: நகம் போய்விடப் போகிறது.

மாப்பிள்ளை: ஈரத்தில் மரப்பிடி ஊதி அலகைக் கவ்விக்கொண்டது. இந்தக் கத்தியின் குணம் அப்படி. இதற்கு ஒரு வழி உண்டு, பிடியின் அடிப்பக்கத்தைத் தட்டினால் அலகு முனை வெளியே எட்டிப் பார்க்கும். (பக்கத்து வாழையில் தட்டுகிறார்.)

மாமா: வாழையில் தட்டினால் தண்ணீர்தான் வரும். அதோ மோட்டார் கொட்டகைப் படி இருக்கிறது, அதில் போய்த் தட்டுங்கள்.

(மாப்பிள்ளை போய்த் தட்டுகிறார். டொக், டொக். இதற்குள் மாமா இடுப்புப் பச்சை பெல்ட்டிலிருந்து தன் கத்தியை உருவி, ஐந்தாறு இலையைச் சாய்த்து, நரம்பின் முதுகைச் சீவி அடுக்கிவிட்டார்.)

மாப்பிள்ளை: (திரும்பி வந்து) திறந்துவிட்டது மாமா! ஆனால் இப்போது மடங்கமாட்டேன் என்கிறது. ஆமாம், உங்கள் கையில் இருக்கிறதே, அது என்ன கத்தி?

மாமா: இதுவா? பழைய லாரி வில்லுப்பட்டையைப் பட்டறையில் கொடுத்து அடித்தது. பிடி வழுக்கியது, சைக்கிள் ட்யூப்பைச் சுற்றிவிட்டேன்.

மாப்பிள்ளை: (கண்ணை அகல விரித்து) அலகு முழுக்க எவ்வளவு அழகான கருப்பு! கூர் ஓரம் மட்டும் வெள்ளிக் கம்பி! மாமா, இந்தக் கருப்பு வருவதற்காகவே எத்தனையோ பேர் கத்தியைக் காடியில் ஊறப்போடுகிறார்கள்.

மாமா: கறைக்கா? என் வேட்டியைக் காட்டட்டுமா?

மாப்பிள்ளை: இதை எனக்குக் கொடுத்துவிடுங்கள் மாமா. பதிலுக்கு எட்டாம் நம்பரை வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா: மடங்காத மடக்குக் கத்தி எனக்கு எதற்கு? சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள். (இலைமேல் வைக்கிறார்.) கையில் கொடுத்தால் சண்டை வரும். நீங்களே எடுங்கள்.

மாப்பிள்ளை: (எடுத்துத் துடைத்தபடி) ரொம்ப நன்றி மாமா! பெட்டியில் வைத்துவிடவா?

மாமா: கொஞ்சம் பொறுங்கள். அத்தை கேட்டது 200 இலை. பாதிதான் ஆகியிருக்கிறது. கத்தி யார் கையிலோ, அறுப்பு அவர் கையில். பேன்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு இந்தத் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள், கறை பட்டால் போகாது.

மாப்பிள்ளை: மாமா! எங்கே கிளம்பிவிட்டீர்கள்?

மாமா: கடைத்தெருவில் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன்.

மாப்பிள்ளை: இந்தச் சேற்றில் வண்டி போகுமா?

மாமா: வண்டி எதற்கு? பதினோராம் நம்பர்தான். பிரான்சில் நிறுத்தினால் என்ன, இங்கே இன்னும் ஓடுகிறது. (வேட்டியை முழங்காலுக்குமேல் தூக்கிக்கொண்டு நடக்கிறார்.)