வேகமாக வளர்ந்தால் ஓடு கூம்பிவிடுமா?

"குட்டி ஆமை வேகமாக வளர்ந்தால் ஓடு கூம்பு கூம்பாகக் கிளம்பிவிடும், அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தீனி போடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். வளரும் குட்டியைப் பட்டினி போட்டால் எலும்பும் ஓடும்தான் பலவீனமாகும்.

நில ஆமையின் ஓடு இப்படிக் கூம்புவதற்கு முக்கியக் காரணம் வறண்ட சூழல். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் சல்காட்டா என்ற ஆப்பிரிக்க நில ஆமையின் குட்டிகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் புரத அளவிலும் வளர்த்துப் பார்த்தார்கள். காற்று உலர்ந்திருந்தபோதுதான் கூம்புகள் உயரமாக எழுந்தன. புரதத்தின் பங்கு மிகச் சிறியது.

குட்டியின் ஓட்டை உற்றுப் பாருங்கள். தகடுகளுக்கு நடுவே வெளிர் நிறத்தில் மெல்லிய கோடு தெரியும். புது வளர்ச்சி அங்கேதான் நடக்கிறது. அது காய்ந்து போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தினமும் 15–20 நிமிடம், தாடைக்குக் கீழே நிற்கும் அளவு வெதுவெதுப்பான நீரில் விடுங்கள். ஒளிந்துகொள்ள ஈரமான ஒரு மூலையும் வேண்டும்.

அப்புறம், கால்சியமும் யூவிபி ஒளியும் (வெயிலில் உள்ள ஒருவகைப் புற ஊதாக் கதிர்). இவை குறைந்தால் ஓடு மென்மையாகிவிடும். பிறந்த சில வாரங்களில் ஓடு லேசாக நெகிழ்வது இயல்பு. ஆனால் ஒரு வயது ஆன பிறகும் விரல் பட்டால் அமுங்குகிறது என்றால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எடையை வாரம் ஒரு முறை குறித்து வையுங்கள், அடுத்தவர் குட்டியோடு ஒப்பிட வேண்டாம். ஒரே ஈட்டில் பொரித்த குட்டிகளே வேறு வேறு வேகத்தில்தான் வளரும்.