செயின்ட் கில்டா மக்களை யாரும் விரட்டவில்லை

செயின்ட் கில்டா, ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் இருக்கும் தீவு. "செயின்ட் கில்டா தீவு மக்களை 1930இல் பிரிட்டிஷ் அரசு பலவந்தமாக வெளியேற்றியது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையில்லை. எங்களை அழைத்துப் போங்கள் என்று அந்த மக்களே அந்த ஆண்டு மே மாதம் அரசுக்கு மனு கொடுத்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு இளைஞர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். மிஞ்சியது 36 பேர். படகு வலிக்கவும், செங்குத்துப் பாறையில் கயிறு கட்டி இறங்கிக் கடற்பறவை பிடிக்கவும் தெம்புள்ள ஆட்கள் போதவில்லை. ஆகஸ்ட் 29 அன்று ஹேர்பெல் கப்பலில் ஏறினார்கள். வீடுதோறும் பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் கொஞ்சம் ஓட்ஸ் தானியமும் வைத்துவிட்டுப் போனார்களாம். அதை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அரசைக் குறை சொல்ல வேறு இடம் இருக்கிறது. மரமே இல்லாத தீவிலிருந்து வந்தவர்களுக்கு வனத்துறையில் வேலை கொடுத்தார்கள்! ஆனால் விரட்டினார்கள் என்று சொன்னால், அவர்களே கூடிப் பேசி எடுத்த கடினமான முடிவு மறைந்துபோகிறது.

அப்புறம், "இப்போது அங்கே ஆளே கிடையாது" என்பதும் சரியல்ல. 1957 முதல் அங்கே ராணுவ ராடார் நிலையம் இருக்கிறது. கோடையில் இயற்கைப் பாதுகாப்புப் பணியாளர்களும் ஆய்வாளர்களும் தங்குகிறார்கள்.